மாத்திரையை நிறுத்தும் அதிகாரம்

ஆபிரகாமுக்கு முழங்கால் வலி வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். பத்து நாளில் வலி போய்விட்டது. வலியோடு சேர்ந்து வந்த மாத்திரைதான் போகவில்லை.

மாமல்லபுரம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே நீளமாக ஒரு மதில் வரும். அதுதான் உவர்நீர் ஆராய்ச்சி வாரியம். கடல் தண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே இழுத்து, அது உப்புக் கரிக்கிறது என்பதைப் பல கருவிகளைக் கொண்டு உறுதிசெய்து, மறுபடியும் கடலிலேயே விடுகிற நிறுவனம். இழுக்கிற பம்புக்கு ஆபரேட்டராக இருந்தவர் ஆபிரகாம். பம்ப் இருக்கும் கிணற்றுக்குள் முப்பத்திரண்டு இரும்புப் படி இறங்கவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை இறங்கி நான்கு முறை ஏறுவார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் நிரந்தர வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். வாரியத்தின் மருத்துவமனைக்கு நலவாழ்வு மையம் என்று பெயர். அங்கிருந்து மாதாமாதம் வரும் மருந்துப் பொட்டலத்தின்மேல் 'திரு. ஆ. ஆபிரகாம்' என்று அச்சிட்டிருக்கும். அந்த 'திரு' போட்ட பொட்டலத்தை அவர் கிழிக்காமல் கத்தரிக்கோலால்தான் வெட்டுவார்.

நடந்தது இதுதான். வால்வு ஒன்றைத் தூக்கும்போது முழங்கால் பிசகிக்கொண்டது. அப்போதிருந்த டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால், வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மாத்திரை ஒன்றையும் கூட எழுதினார். ஊரெல்லாம் கேஸ் மாத்திரை என்று சொல்கிறோமே, அது. அதுவும் பத்து நாளைக்குத்தான். ஆனால் கணினியில் ஏற்றும்போது வலி மாத்திரை 'குறுகிய காலம்' என்ற கட்டத்திலும், கேஸ் மாத்திரை 'நிரந்தரம்' என்ற கட்டத்திலும் விழுந்துவிட்டன. ஏற்றிய பெண் தற்காலிக ஊழியர். இரண்டு மாதத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை நிரந்தரமாகிவிட்டது.

ஒரு மாதம் பொட்டலத்தை வாங்காமல் இருந்தால் 'மருந்து தவறியவர்' என்று துறைக்குக் கடிதம் வரும். ஆபிரகாமுக்கு அப்படி ஒரு கடிதமும் வந்ததில்லை. வாரியம் கொடுத்தது, நமக்கு நல்லதுக்குத்தான் கொடுக்கும் என்று தினமும் காலை இட்லிக்குப் பிறகு ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

ஆறாவது வருடத்தில் ஒருநாள் மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி காசியம்மாள் அவருடைய காலையே பார்த்தாள்.

"இன்னாய்யா இது? ஒரு செருப்புதான் கீது. இன்னொண்ணு எங்க?"

ஆபிரகாம் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு முக்கால் கிலோமீட்டர். அதில் பாதி தூரம் சரளைக்கல் ரோடு.

"தெரியலையே காசி. வந்துகினுதான் இருந்தேன்."

"கல்லு குத்தலையா?"

"குத்தலையே."

காசியம்மாள் கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் பாதத்தைத் துடைத்தாள். துண்டில் ரத்தம் ஒட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே பயம் வந்தது. கொஞ்ச நாளாகக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருப்பதையும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதையும், பம்புக் கிணற்றில் படி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் காலை வைப்பதையும் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார்.

"இத்தினி நாளா வாய மூடிக்கினு இருந்தியா?" என்று அவள் கத்தினாள். பிறகு மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள்.

மறுவாரம் பொட்டலம் வாங்கப் போனபோது மருந்துக் கவுண்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். பெயர் வைஷாலி. மருந்தாளுநர் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

"அண்ணா, இந்த மாத்திரைய எதுக்கு சாப்பிடறீங்க?"

ஆபிரகாம் திகைத்துப்போனார். ஐந்தே முக்கால் வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"குடுக்குறாங்கம்மா. சாப்புடுறேன்."

"வயித்துல புண்ணு இருந்துச்சா? ரத்தம் கக்கினீங்களா? ரத்தத்த இளக வைக்கற மாத்திரை ஏதாவது போடறீங்களா? நெஞ்செரிச்சல்?"

"ஒண்ணும் இல்லம்மா. முட்டி வலிச்சுது."

அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"நல்ல மாத்திரைதான் அண்ணா. தேவைப்படறவங்களுக்கு உயிரையே காப்பாத்தும். சில பேர் வருஷக்கணக்கா போட்டாகணும். ஆனா உங்களுக்கு பத்து நாளைக்குத்தான் எழுதியிருக்கணும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, மெல்லாம முழுசா விழுங்கணும். நீங்க சாப்பிட்ட பிறகு போட்டிருக்கீங்க. வருஷக்கணக்கா போட்டா சில பேருக்கு பி-பன்னெண்டு சத்து உடம்புல சேராது. கால் மரத்துப் போகும். மக்னீசியம் குறைஞ்சா தசை இழுக்கும். எலும்பு கூட பலவீனமாகலாம். உங்க கால் இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். ரத்தம் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட கேளுங்க. ஒண்ணு மட்டும், நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க. அமிலம் திருப்பிக்கிட்டு முன்னவிட அதிகமா சுரக்கும். டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

ஆபிரகாம் அத்தனையையும் பொட்டலத்தின்மேல் எழுதித் தரச் சொன்னார். அவளும் எழுதித் தந்தாள்.

டாக்டர் பிரவின்குமார் ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தவர். நலவாழ்வு மையத்தில் ஒரு நோயாளிக்குத் தொண்ணூறு நொடி. அதற்குமேல் போனால் மேஜைமேல் இருக்கும் சின்னக் கருவி கூவும். ஆபிரகாம் உட்காருவதற்குப் பதினைந்து நொடி ஆனது.

"சார், இந்த கேஸ் மாத்திரைய நிறுத்தலாமா?"

"யார் ஆரம்பிச்சது?"

"முன்ன இருந்த டாக்டர் சார். இப்ப எங்கயோ வடக்க மாத்திட்டாங்க."

"அப்ப அவர்தான் நிறுத்தணும். நான் ஆரம்பிக்காததை நான் எப்படி நிறுத்த முடியும்? நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேள்வி என்னைத்தான் கேப்பாங்க. தொடர்ந்து கொடுத்து ஏதாவது ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு டாக்டரே ஒரு நொடி யோசித்தார். தான் சொன்னதில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அதற்குள் கருவி கூவியது.

"ரத்தம் டெஸ்டு..." என்றார் ஆபிரகாம், எழுந்தபடியே.

"பி-பன்னெண்டு நம்ம பட்டியல்ல இல்ல. சர்க்கரை பாக்கலாம், வேணுமா?"

சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஆபிரகாமின் கால் சரியாக இருப்பதாக அதிலிருந்து முடிவு செய்யப்பட்டது.

மருத்துவப் பிரிவு எழுத்தர் மிகவும் நல்ல மனிதர். அலமாரி முழுவதையும் ஆபிரகாமுக்காகக் கவிழ்த்துத் தேடினார். மருந்து ஆரம்பிக்கப் படிவம் பதினான்கு. மருந்து தொலைந்துபோனால் பதினான்கு அ. மருந்தை எலி கடித்தால் பதினான்கு ஆ. நிறுத்துவதற்குப் படிவம் இல்லை.

"இறந்துட்டா ஒரு படிவம் இருக்கு. அது உங்க வூட்டம்மாதான் கையெழுத்துப் போடணும்" என்றார் எழுத்தர் வருத்தத்தோடு. "நீங்க தலைமை நல அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்களேன்."

தலைமை நல அதிகாரி திருநாவுக்கரசு டாக்டர் அல்ல. கொள்முதல் பிரிவில் சிமெண்டு, கம்பி வாங்கிக்கொண்டிருந்தவர். பதவி உயர்வில் மக்களின் உடல்நலத்துக்கு வந்திருந்தார். ஆபிரகாமை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மனுவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆபிரகாம், உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன். ஆனா ஒரு விஷயத்தை நீங்க புரிஞ்சிக்கணும். மருந்தை ஆரம்பிக்கிறது மருத்துவ விஷயம். நிறுத்தறது நிர்வாக விஷயம். வருஷத் தொடக்கத்துல இவ்வளவு மாத்திரை வேணும்னு நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க நிறுத்தினா ஒண்ணு மிஞ்சும். உங்களைப் பார்த்து நாலு பேர் நிறுத்துவாங்க. அடுத்த வருஷம் 'உங்களுக்கு எதுக்கு இவ்வளவு மாத்திரை'ன்னு மேலிடத்துல கேப்பாங்க. ஆரோக்கியம் கூடிடுச்சுன்னா பதில் சொல்ல முடியும்? ஆரோக்கியம் கூடினா மையம் எதுக்குன்னு அடுத்த கேள்வி வரும்."

"சார், எனக்குக் காலு மரத்துப் போவுது சார். கெணத்துல எறங்குறதுக்குப் பயமா கீது."

"அதைத்தான் சொல்ல வரேன். இது ஒரு தனிமனிதரோட காலைப் பத்தின பிரச்சினை இல்ல. கொள்கைப் பிரச்சினை. ஒரு கமிட்டி போடறேன்."

சொன்னதைச் செய்கிற மனிதர். பத்து நாளில் 'மருந்து நிறுத்தம் குறித்த ஆய்வுக் குழு' அமைந்தது. ஏழு உறுப்பினர்கள். முதல் கூட்டத்தில் குழுவின் பெயரில் 'நிறுத்தம்' என்ற சொல் எதிர்மறையாக இருப்பதாக ஒருவர் கருதினார். இரண்டாவது கூட்டத்தில் 'மருந்துத் தொடர்ச்சி குறித்த ஆய்வுக் குழு' என்று பெயர் மாற்றினார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஆபிரகாமையும் அழைத்திருந்தார்கள். அவர் வெளியே பெஞ்சில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே பழைய பெயருக்கு அடித்த கடிதத் தாள்களை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் வைஷாலி கவுண்டர் கண்ணாடியில் கையால் எழுதிய ஒரு தாளை ஒட்டினாள். 'கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: எதற்காக, எத்தனை நாளைக்கு என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை குறைந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மலம் கறுப்பாகப் போனால், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.' மூன்று நாள்தான் அந்தத் தாள் இருந்தது. அந்த மூன்று நாளில் நாற்பத்தொரு பேர் டாக்டரைக் கேள்வி கேட்டார்கள். கருவி கூவிக்கொண்டே இருந்து நான்காம் நாள் காலை பழுதாகிவிட்டது.

வைஷாலிக்கு வந்த குறிப்பாணையில், 'கேளுங்கள் என்ற சொல்லை அனுமதியின்றிப் பொது இடத்தில் பயன்படுத்தியது' என்று இருந்தது. செய்யூர்ப் பக்கம் வாரியத்துக்கு ஒரு கிடங்கு உண்டு. காலி மருந்துப் பெட்டிகளை அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். அதற்குப் பொறுப்பாளராக அவளை அனுப்பினார்கள். போகும்போது பம்ப் ஹவுஸ் பக்கம் வந்து ஆபிரகாமைப் பார்த்தாள்.

"வெளிய எங்கயாவது டெஸ்ட் பண்ணிக்குங்க அண்ணா. கமிட்டிய நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

"வெளிய போனா வாரியத்துல தப்பா எடுத்துக்குவாங்களோன்னு கீதும்மா" என்றார் அவர்.

பஸ் வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு வாரம் கொண்டாடினார்கள். கடற்கரையில் பந்தல். காற்றில் பேனர் இரண்டு முறை கிழிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் ஒரு பேனா, ஒரு தொப்பி, ஒரு அட்டை கேஸ் மாத்திரை. மத்தியானம் எண்ணெய் மிதக்கிற பிரியாணி போட்டதால் மாத்திரை பயன்படும் என்று ஒருங்கிணைப்பாளர் அறிவித்தார்.

திருநாவுக்கரசு மேடையில் பேசினார்.

"சென்ற ஆண்டு நம்முடைய மையம் ஒன்பது லட்சம் மாத்திரைகளை வழங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஏழு லட்சம்தான். நோயாளிகள் எண்ணிக்கை கூடவில்லை. ஆனாலும் நாம் வளர்ந்திருக்கிறோம். பக்கவிளைவு பற்றி ஒரே ஒரு புகார்கூட எழுத்து வடிவில் வரவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். பக்கவிளைவுப் புகார்ப் புத்தகம் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. அவசியம் ஏற்பட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இதுவரை அவசியம் ஏற்படவில்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் முன்மாதிரிப் பயனாளர் விருதுக்கு ஆபிரகாமின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக ஒரு பொட்டலத்தைக்கூடத் தவறவிடாத ஒரே ஊழியர்.

அவர் மேடைப் படியில் ஏறினார். படியின்மேல் சிவப்பு விரிப்புப் போட்டிருந்தார்கள். எங்கே படி முடிகிறது, எங்கே மேடை தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. காலுக்கும் தெரியவில்லை. இடது பாதம் மடங்கி அவர் குப்புற விழுந்தார். விழுந்த இடம் சரியாகத் திருநாவுக்கரசின் காலடி.

கூட்டம் நெகிழ்ந்துபோனது. திருநாவுக்கரசு கண்கலங்கி, இரண்டு கையையும் அவர் தலைமேல் வைத்து ஆசீர்வதித்தார். "இதெல்லாம் எதுக்குப்பா" என்று மைக்கில் சொன்னார். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே இருக்கச் சொன்னார். எப்படியும் ஆபிரகாமால் எழுந்திருக்க முடியவில்லை.

இரண்டு பேர் தூக்கி நிறுத்தி, கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவர் பேசவேண்டியது அச்சிட்டே இருந்தது. பெண்கள் வரிசையில் காசியம்மாள் எழுந்து நிற்பதை அவர் பார்த்தார். 'சொல்லுய்யா, உள்ளத சொல்லு' என்று அவள் முகம் சொன்னது. அவருக்கும் சொல்லத்தான் ஆசை. ஆனால் முன் வரிசையில் அவருடைய பிரிவு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். தாளின் தலைப்பில் 'திரு. ஆ. ஆபிரகாம் அவர்களின் ஏற்புரை' என்று இருந்தது. அவர் தாளைப் படித்தார்.

"இந்த மாத்திரை என் வாழ்வில் ஓர் அங்கம். வாரியத்துக்கு நன்றி."

வீட்டுக்குப் போகிற வழியில் காசியம்மாள் பேசவே இல்லை. அவர் நடக்க அவளுடைய தோள் தேவைப்பட்டது. தோளை மட்டும் கொடுத்தாள்.

அடுத்த வாரச் செய்தி மடலில் அந்தப் படம் வந்தது. 'நன்றிப் பெருக்கில் ஊழியர்' என்று கீழே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று ஆபிரகாம் தன் வாழ்நாளில் முதல்முறையாக வாரியத்துக்கு அடங்காமல் ஒரு காரியம் செய்தார். மாத்திரையை நிறுத்தினார். அப்படியே, ஒரேயடியாக.

டக்கென்று நிறுத்தாதீர்கள் என்று வைஷாலி சொன்னதை அவர் மறக்கவில்லை. குறைக்கச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதால் வேறு வழி தெரியவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சில் நெருப்புப் பிடித்தது. தண்ணீர் குடித்தாலும் எரிந்தது. ஆறு வருடமாக அமுக்கி வைத்திருந்த அமிலமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது போல இருந்தது. ஆறாம் நாள் காசியம்மாள் ஆட்டோ வைத்து அவரை நலவாழ்வு மையத்துக்குக் கூட்டிவந்தாள்.

டாக்டர் பிரவின்குமார் சிரித்தார். கேலியாக அல்ல, உண்மையான நிம்மதியோடு.

"பாத்தீங்களா? உங்களுக்கு இது எவ்வளவு தேவைன்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. இனிமே காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"ஐயா, நிறுத்துனதாலதான் இப்படின்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே" என்றாள் காசியம்மாள்.

"எந்தப் பொண்ணு?"

"செய்யூருக்கு மாத்திட்டீங்களே, அது."

மேஜைமேல் புதுக் கருவி கூவியது. பழையதைவிட இதற்குச் சத்தம் அதிகம்.

மார்ச் மாதம் வருடாந்திர உடல் தகுதிச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொன்னார்கள். ஆபிரகாம் கண்ணை மூடினார். அடுத்து அவருக்குத் தெரிந்தது, தான் சுவரோரம் கிடப்பதுதான். ஏணியில் இறங்கத் தகுதியற்றவர் என்று மருத்துவ வாரியம் எழுதியது. அறிக்கை ஒரே பக்கம்தான். 'குறைபாடு: இரு கால்களிலும் உணர்ச்சிக் குறைவு. காரணம்: தெரியவில்லை. நீண்டகாலமாக உட்கொள்ளும் மருந்துகள்: குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை.' மாத்திரையைத் தினமும் இரண்டாக்கிய டாக்டரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான்கு வருடப் பணி பாக்கி இருக்கும்போதே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் அவர் பம்புக் கிணற்றின் மேலே நின்று கீழே பார்த்தார். கூட வேலை செய்த செங்கல்வராயன், "உள்ள வர வேணாம் அண்ணாத்த, நான் பாத்துக்குறேன்" என்றான். அங்கே நின்றால் பம்ப் ஓடும் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறும். அன்றைக்கு அது ஏறவில்லை. சத்தம் காதில் மட்டும் கேட்டது.

ஊழியர் அட்டை ரத்தானதும் கணினியிலிருந்து அவர் பெயர் தானாக நீங்கியது. பெயரோடு மாத்திரையும் நீங்கியது. டாக்டருக்கும் அதிகாரிக்கும் ஏழு பேர் கொண்ட குழுவுக்கும் இல்லாத அதிகாரம் ஓய்வு உத்தரவுக்கு இருந்திருக்கிறது.

இந்த முறை காசியம்மாள் யாரையும் கேட்கவில்லை. நேராகத் திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத் தெருவில் இருக்கும் டாக்டர் ஜெகதாம்பாளிடம் அழைத்துப் போனாள். வயதான டாக்டர், ஒற்றை அறை, கூவுகிற கருவி எதுவும் இல்லை. அவர் ஆபிரகாமின் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். கணுக்காலைத் தாண்டும்வரை "இல்லம்மா, இல்லம்மா" என்றே பதில் வந்தது.

இரண்டு நாளில் ரத்த முடிவு வந்தது.

"தினம் மீன் சாப்பிடறவருக்கு இந்தச் சத்து இவ்வளவு குறையக்கூடாது. உள்ள போறதை வயிறு எடுத்துக்கல. வேற காரணமும் இருக்கான்னு பாத்துடலாம். ஆனா தேவையில்லாம இத்தனை வருஷம் போட்ட மாத்திரைக்கு இதுல பெரிய பங்கு இருக்கு" என்றார் டாக்டர். ஊசி போட ஆரம்பித்தார். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை ஒரேயடியாக விடாமல் அளவைக் குறைத்து, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு என்று அட்டவணை எழுதிக் கொடுத்தார். எட்டு வாரத்தில் அது நின்றது. ஒரு துளி எரிச்சல் இல்லை. இவ்வளவுதான் வேலை.

"காலு திரும்ப வந்துடுமாம்மா?" என்று கேட்டார் ஆபிரகாம்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "இனிமே மோசமாகாது. கொஞ்சம் வரும். முழுசா வராது. போன வருஷமே வந்திருந்தீங்கன்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

போன வருஷம் தான் எங்கே இருந்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்திருப்பார்.

அதற்கடுத்த ஜனவரியில் மகள் சிநேகாவுக்குக் கல்யாணம். சர்ச்சில் மகளை அப்பாதான் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போகவேண்டும். சிநேகா அவர் கையைப் பிடித்திருந்தாள் என்று வெளியே தெரிந்தது. உண்மையில் அவரைத் தாங்கியிருந்தாள். அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். எல்லாப் படத்திலும் மணப்பெண் கேமராவைப் பார்க்கிறாள், அப்பா தரையைப் பார்க்கிறார்.

மண்டபத்துக்குத் திருநாவுக்கரசும் வந்திருந்தார். அழைத்தால் வருகிற மனிதர்தான். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆபிரகாமுக்கு அந்த அட்டையைத் தூரத்திலிருந்தே தெரியும்.

"சார், இது நீங்களும் போடுறீங்களா?"

"பதினோரு வருஷமா. ஒருநாள் தவறினதில்ல."

"துன்னுட்டுப் போடக்கூடாது சார். அரை மணி முன்னாடி. எதுக்கு சார் ஆரம்பிச்சாங்க?"

திருநாவுக்கரசு யோசித்தார்.

"பல் புடுங்கினப்போன்னு நினைக்கிறேன்."

"கால்ல எறும்பு ஊர்ற மாதிரி கீதா சார்?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாளா இருக்கு. வயசாகுதுல்ல."

"வயசு இல்ல சார். ஒரு டெஸ்டு கீது. திருக்கழுக்குன்றத்துல ஒரு டாக்டரம்மா கீறாங்க. நாளைக்கே போங்க சார். நானே கூட வர்றேன்."

ஒரு கணம் அந்த முகத்தில் பயம் தெரிந்தது. அவர் சம்மதித்துவிடுவார் என்றுகூட ஆபிரகாம் நினைத்தார். ஆனால் திருநாவுக்கரசு நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்ல ஆலோசனை. எழுத்து மூலமா கொடுங்க ஆபிரகாம். கமிட்டியில வைக்கிறேன். மருந்துத் தொடர்ச்சிக் கமிட்டி இன்னும் இருக்கு. அடுத்த மாசம் பதினாறாவது கூட்டம்."

புறப்பட்டார். மண்டபத்தின் வாசலில் ஐந்து படி. மேல் படியில் வந்து நின்ற அதிகாரி, குனிந்து கீழே பார்த்தார். இடது காலை நீட்டிக் காற்றில் துழாவினார். பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆபிரகாம் மெதுவாக அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அதிகாரி பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இருவரும் படியைப் பார்த்தபடி நின்றார்கள். பின்னால் வந்தவர்களின் வரிசை நீண்டது. யாருடைய கால் முதலில் இறங்குவது என்பது முடிவாகவில்லை.